பழனியாண்டியின் கலர் மெஷின்

பிரிண்டரின் விலாவில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, மூடியில் காதை வைத்துக் கேட்பார் பழனியாண்டி. தாளில் கோடு விழுந்தாலும் சிவப்பு வராமல் போனாலும் முதல் வைத்தியம் இதுதான். அடுத்தது "தலையக் கழுவுறது", அதாவது மை கக்குகிற முனையைச் சுத்தம் செய்வது. பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மெஷின் முக்கி முனகி மையைக் குடித்துத் தீர்க்கும். ஒரு கழுவல் போதும் என்கிற இடத்தில் ஐந்தாறு கழுவுவார். மை வற்றியதும், "மை சரியில்லீங்க. இந்தக் குளுருக்கு அது நிக்காது" என்பார். மலைக்குக் குளிர் அன்றைக்குத்தான் வந்த மாதிரி.

ராகலை டவுனுக்குச் சற்று மேலே அவர் வீடு. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை. கொழும்பில் இருக்கும் மகள் லோஜினி வாங்கி அனுப்பிய, நகலும் எடுக்கிற பிரிண்டர் முன்னறையில் உட்கார்ந்ததும் அதிகாரம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. கூடவே வந்த விளக்கப் புத்தகம் மேசைக் காலுக்கு முட்டுக்கொடுக்கிறது. "அதெல்லாம் தெரியாதவனுக்கு எழுதுனது."

போன ஆயுத பூஜைக்கு மெஷினுக்கும் பொட்டு வைத்தார். மூடியில் ஒன்று, தாள் தட்டில் ஒன்று. அத்தோடு விட்டாரா? மூடியைத் திறந்து, நகலெடுக்கப் படம் வைக்கிற கண்ணாடியின் மூலையிலும் சந்தனம் குழைத்து, குங்குமத்தை அப்பினார். "உசுரு இங்கதானே இருக்கு" என்றார். வைத்ததை அன்றைக்கே மறந்தும் போனார்.

அதிலிருந்து ஊர்க்காரர்கள் அங்கே வந்து நகலெடுத்த எல்லாவற்றிலும் ஒரே மூலையில் ஒரே சிவப்புக் கறை. ஷாமிலாவின் பரீட்சைச் சான்றிதழிலும் விழுந்தது, வீரய்யாவின் அடையாள அட்டையிலும் விழுந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "ஒங்க சாமான்லதான் கறை. மெஷினு உள்ளதத்தானே காட்டும்?" கிளாக்கர் ஐயா சொன்னால் மறுபேச்சு ஏது? தங்கள் தாளைத் தாங்களே தேய்த்துப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

போன வாரம் அம்மாக்கண்ணு வந்தாள். மறுநாள் புருஷன் பொன்னையாவுக்குக் கருமாதி. மாலை போடப் பெரிய படம் வேண்டும். அவனுக்கு இருந்ததே ஒரேயொரு சின்னப் படம். அதைச் சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

கண்ணாடியின் மூலையில் வைத்துப் பெரிதாக்கி எடுத்த படத்தில் பொன்னையாவின் கன்னத்தில் சிவப்பாய் ஒரு தழும்பு.

"அவுக மூஞ்சியில அப்புடி ஒண்ணும் இல்லீங்கய்யா."

"படத்துல இருக்கும்மா. லயத்து வீட்டுச் சுவரு ஈரம் ஊறியிருக்கு."

தட்டினார், தலையைக் கழுவினார், தாளைப் புரட்டிப் போட்டார். தழும்பு அசையவில்லை. பழனியாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு படத்தைக் கையிலெடுத்தார்.

"வேணாங்கய்யா. இருக்கறது இது ஒண்ணுதாங்க. தேச்சா போயிரும்."

"எனக்குத் தெரியாததா? நீ சும்மா இரு."

தேய்த்தார். பழைய படத்தின் பூச்சு பஞ்சோடு சுருண்டு வந்தது. கன்னம் வெளுத்து, வாயின் ஓரமும் போயிற்று. அம்மாக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். மிச்சமிருந்த முகத்தைக் கண்ணாடியில் வைத்து மறுபடி எடுத்தார். வெளுத்த கன்னத்தின்மேல் அதே சிவப்பு.

அப்போதுதான் மூடியைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார் மனிதர். தன் கையாலேயே வைத்த பொட்டு, காய்ந்து கெட்டியாகி, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. காது மடல் சூடேறியது. அம்மாக்கண்ணு பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு, அதே பஞ்சால் துடைத்தார்.

"என்னங்கய்யா, உள்ளுக்கு ஏதும் இருக்குங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. படம் ரொம்பப் பழசு."

கையிலிருந்த பஞ்சு சிவந்துபோயிருந்தது. பூஜைக் குங்குமத்தைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடி, பயபக்தியோடு அதைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.