போட்டோவில் இல்லாதவன்

எனக்கு அவன் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்ததற்கெல்லாம் வேறு காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். காரணம் ஜோடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

அவன் என்றால் எங்கள் ஊர்க் கட்சித் தலைவன். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் குடியிருப்பில், ஒரே லைனில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். ஒரே வகுப்பு. கணக்கில் நான் முதல். அவன் என் நோட்டைப் பார்த்து எழுதித் தேறினவன். இன்று நான் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக நிற்கிறேன். அவன் நந்திதுர்க் சுரங்கத்துக்குப் போகிற வழியெல்லாம் பேனரில் சிரிக்கிறான். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். ஐம்பது தாண்டியும் ஒரு முடி கொட்டவில்லை. அதுகூட எனக்குப் பொறுக்காது. ஒரு நாள் என் மனைவி, "அவரு மனுசன்னா மனுசன், போன் பண்ணா ஒடனே எடுக்கறாரு" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்ன வயதில், சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து மேலே வரும் ஆட்களை கேட்டில் நிறுத்தி, துணியை அவிழ்க்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லிச் சோதிப்பார்கள். தங்கம் ஒட்டின கல் யாரிடமாவது சிக்கினால், யார் கொடுத்தது என்று கேட்டுக் குடைவார்கள். சிக்கின ஆள் "கீழ கெடந்துச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். கூட வேலை செய்தவன் பெயரைச் சொல்வது ஊரில் பெரிய கேவலம். அதையே நாங்கள் ஆட்டமாக ஆடினோம். ஒருவன் கல்லைக் கொடுப்பான், ஒருவன் ஒளித்துவைப்பான், மற்றவர்கள் அவனைப் பிடித்துக் காதைத் திருகிப் பெயர் கேட்பார்கள். நான் இரண்டாவது திருகிலேயே பெயரைக் கக்கிவிடுவேன். அவன் காது சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்டும்போதும் "கீழ கெடந்துச்சு" என்றே சொல்லிக்கொண்டிருப்பான். அப்போதே அவனைக் கண்டால் எனக்கு எரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வயதான வெள்ளைக்காரர் ஊருக்கு வந்தார். அவருடைய தாத்தா இங்கே சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்து, இங்கேயே செத்து, இங்கேயே கல்லறையில் கிடக்கிறார். வெள்ளைத் தோல் வந்து இறங்கினால் எங்கள் ஊருக்குத் தலைகால் புரியாது. "எங்க தாத்தா உங்க தாத்தாகிட்ட வேல செஞ்சாரு" என்று ஆளாளுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பைத் தலைவன் எடுத்துக்கொண்டான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு போன் போட்டான்.

"மச்சான், ஒரு நாள் லீவு போடேன். துரை பேரன் வந்துக்கீறாரு, இன்னா பேசறாருன்னே தெரியல."

லீவு போட்டேன். போட்டது மட்டுமில்லை, என் அப்பாவின் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா சுரங்கத்தில் சர்வே ஆபீசில் அளவுச் சங்கிலி பிடித்தவர். சுரங்கத்தை மூடினபோது வேண்டாமென்று கழித்துப்போட்ட ஒரு பழைய வரைபடத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்தார். பூமிக்குள் அடுக்கடுக்காக இறங்கும் ஒவ்வொரு லெவலும் சிவப்பும் நீலமுமாக மை போட்டு வரைந்திருக்கும். அவர் சாகும்வரை அது அவர் மெத்தைக்கு அடியில் இருந்தது. அதை நானே வெள்ளைக்காரர் கையில் கொடுப்பேன், அவர் கண்கலங்குவார், அதை யாராவது போட்டோ எடுப்பார்கள் என்றெல்லாம் முந்தின நாள் ரயிலில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன்.

கல்லறைப் பக்கத்தில் வைத்துச் சுருளை வெளியே எடுத்தேன். தலைவன் அதை என் கையிலிருந்து வாங்கினான். வாங்கிவிட்டு அவனுடைய போனை என் கையில் வைத்தான்.

"நீதாண்டா நல்லா எடுப்பே. எடு."

எடுத்தேன். அவன் சுருளை நீட்டுகிறான், வெள்ளைக்காரர் இரண்டு கையாலும் வாங்குகிறார், இருவரும் சிரிக்கிறார்கள். வரைபடம் என் அப்பாவுடையது, பேசின இங்கிலீஷ் என்னுடையது, சிரிப்பு அவனுடையது. அன்று இரவே அவன் அந்த போட்டோவை இணையத்தில் தன் பக்கத்தில் போட்டான். லைக் குவிந்தது. அதில் என் பெயர் எங்கேயும் இல்லை. வீட்டில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆத்திரத்தில் மெத்தையைக் குப்புறப் போட்டேன்.

இந்த வருஷம் தேர்தல் பேச்சு கிளம்பியது. சட்டமன்ற சீட் அவனுக்குத்தான் என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். எனக்குத் தூக்கம் கெட்டது. அப்போதுதான் ஒரு காலையில், ரயிலில் எங்கள் சீட்டாட்டக் கூட்டத்தில் தினமும் என் எதிரில் உட்காரும் அச்சகக்காரர் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாத்தியா குரு? ஒன் கிளாஸ்மேட்டு வண்டவாளத்த!"

நான் எடுத்த அதே போட்டோ. சுருளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வீடியோவின் பின்னணியில் ஒருவன் அடித்தொண்டையில் பேசினான்: இந்தத் தலைவர் வெளிநாட்டு உளவுத்துறையின் ஆள், பூமிக்கு அடியில் இருக்கும் தங்கத்தின் ரகசிய வரைபடத்தை உளவாளியிடம் கொடுக்கும்போது சிக்கிய காட்சி இது. வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் கீழே இன்னும் தங்கம் இருக்கிறது என்று நம்பாத ஆள் கிடையாது. அதனால் பெட்டியே கொதித்தது.

"அப்பவே நெனச்சேன். வெள்ளக்காரன் சும்மா சுடுகாட்டப் பாக்கவா அத்தினி தூரம் வருவான்?" என்றார் அச்சகக்காரர். பிறகு என்னைப் பார்த்து, "நீ கூட படிச்சவனாச்சே, ஆளு எப்பிடி?" என்றார்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அது கழித்துப்போட்ட காகிதம், என் அப்பாவுடையது, கொண்டுபோனது நான், போட்டோ எடுத்ததும் நான். சொல்லி முடிக்க அரை நிமிஷம் போதும். நான் சொன்னது இது:

"சின்ன வயசுலயே அவன் மனசுல இன்னா இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது. அழுத்தக்காரன்."

ஆகா, எப்படித் தலையாட்டினார்கள்! அந்த வாரம் முழுக்க எனக்கு ஜன்னல் ஓரம் ஒதுக்கி வைத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவனைப் பற்றி இன்னும் சொல்லு என்றார்கள். பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதினதையும் சொன்னேன். உளவாளிக்குச் சின்ன வயதிலேயே அந்தப் புத்தி என்று ஒருவர் ஆராய்ச்சி செய்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, மனசுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

வீட்டில் நிலைமை வேறு. என் மனைவிக்கு அந்தச் சுருள் நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக அதைத் தூக்கி வைத்துத்தான் அவள் மெத்தைக்கு அடியில் பெருக்கியிருக்கிறாள்.

"இன்னா நீங்க, அது எங்க மாமாது தானே? போயி சொல்லிட்டு வாங்க. சீட்டு போயிடும்னு பேசிக்கிறாங்க."

"போலீஸு கீலீஸுன்னு வந்தா என் வேல இன்னா ஆவறது? செக்யூரிட்டி வேலடி."

"வேலைக்கா பயப்படறீங்க?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் நிருபர்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னான். மறுநாள் கட்சி முடிவு செய்கிறதாம். சர்ச் முடிந்ததும் மனைவி என்னை அங்கேதான் தள்ளிக்கொண்டு போனாள். கூட்டத்தின் கடைசியில் நின்றேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன் என எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அவன் எப்படிக் கெஞ்சப்போகிறான் என்று பார்க்கத்தான் போனேன்.

அவன் கெஞ்சவில்லை. அது உதவாத பழைய காகிதம் என்றான். பெரியவர் தாத்தா கல்லறையைத் தேடி வந்தார் என்றான். நம்புகிற முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு நிருபர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அந்த மேப் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? யார் கொடுத்தது? பேரைச் சொல்லுங்க, விசாரிச்சுப் பார்த்துடலாம்."

அவன் கண் கூட்டத்தின் மேலே ஓடி வந்து என்மேல் நின்றது. என் காது சுட்டது. பெயரைச் சொன்னால் அவன் பிழைத்தான். எனக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு நிருபரிடம் திரும்பினான்.

"கீழ கெடந்துச்சு" என்றான்.

நிருபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்த சுரங்கப் பென்ஷன்காரர்கள் இரண்டு மூன்று பேர் மட்டும் சட்டென்று தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். அப்போதாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. இவ்வளவு வயதுக்கு அப்புறமும் இவன் சொல்லவில்லையே, நான் இவன் இடத்தில் இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே கக்கியிருப்பேனே என்று வயிறு எரிந்தது. மனைவி என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்துபோனாள்.

மறுநாள் சாயங்காலம் சீட் வேறொருவருக்குப் போனது. அந்த இரவு நான் உட்கார்ந்தே இருந்தேன். விடியற்காலை ரயிலில் ஏறினதும், யாரும் கேட்காமலே சொன்னேன்.

"அந்த மேப்பு எங்கப்பாது. நான்தான் எடுத்துக்கினு போனேன். அந்த போட்டோவ எடுத்ததும் நான்தான்."

சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்த அச்சகக்காரர் நிமிர்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து, அந்த போட்டோவைப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாக நகர்த்திக் காட்டினார்.

"எங்க, இதுல நீ எங்க கீறே, காட்டு?"

தலைவன், வெள்ளைக்காரர், கல்லறை, ஒரு சவுக்கு மரம். நான் இல்லை.

"ஒன் போன்லயாவது இருக்குதா?"

"அவன் போன்ல எடுத்தது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அச்சகக்காரர் என் தோளில் தட்டினார், அன்பாகத்தான் தட்டினார்.

"விடு குரு. அவன் மேல ஒனக்கு எப்பவும் ஒரு பொறாம. அவன் விழுந்ததுலகூட ஒரு பங்கு கேக்கறே பாரு."

சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்துச் சீட்டுப் போட்டார். எடுத்து விளையாடினேன்.