சின்னக் கம்பி எந்தப் பக்கம்?

திரை மேற்குச் சுவரில். ப்ரொஜெக்டர் கிழக்கே, கூரையிலிருந்து தொங்க வேண்டும். திட்டம் இவ்வளவுதான். தளம் போட்டு, சாக்கு நனைத்து, சென்டரிங் பலகையெல்லாம் பிரித்து முடித்த பிறகு அண்ணாந்து பார்த்தால், ப்ரொஜெக்டர் ஒயருக்கான பைப் மேற்குச் சுவருக்கு நேர் மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதாவது திரையின் தலைக்கு மேலேயே ப்ரொஜெக்டர். அங்கிருந்து அது எதிர்ச் சுவரில் படம் காட்டும். நாங்கள் எல்லோரும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

"யாரு சொன்னது பைப்ப இந்தப் பக்கம் விடச் சொல்லி?" என்று கேட்டாள் என் மனைவி தமிழ்ச்செல்வி. மயிலாடுதுறைக்காரி. குரலை உயர்த்தவே மாட்டாள், அதுதான் பயம்.

"சார்தாங்க்கா," என்றான் எலக்ட்ரீஷியன் செல்வம், என்னைக் காட்டி. "பிளானைக் கையில வெச்சிக்கிட்டு நின்னு காட்டினாரு."

"பிளானை நேரா வெச்சிருந்தாரா, தலைகீழா வெச்சிருந்தாரா?"

"அத நான் பார்க்கலீங்க. சார் பிசிக்ஸ் வாத்தியாராச்சேன்னு…"

இந்த ஹோம் தியேட்டர் யோசனை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இருக்கும் மகன் சொன்னது. "ரிட்டயர் ஆனா நீங்க அம்மாகிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருப்பீங்க. அதுக்கு ஒரு தியேட்டர் கட்டிட்டா சத்தம் வெளிய வராது." அப்போது நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். ஆறு மாதமாக அந்த அறை என்னைப் படுத்துகிற பாட்டுக்கு, அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படமே நான்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் இளைஞர் வருகிறார். ஒலி ஆலோசகர். சன்னல் கூடாது, சத்தம் வெளியே போய்விடும் என்கிறார். சன்னல் இல்லாத ரூம்ல நெல்லத்தான் கொட்டி வைக்கணும் என்கிறாள் தமிழ்ச்செல்வி. உள்ளகலம் பதின்மூன்று அடி இருந்தால்தான் எதிரொலி அடங்கும் என்கிறார் அவர். பதின்மூன்று ஆகாது, பகை வரும், ஒன்று பதினொன்று வையுங்கள், இல்லை பதினாறு வையுங்கள் என்று மனையடி சாஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் கொத்தனார். பகைதான் ஏற்கெனவே வந்துவிட்டதே, இவர்கள் இருவருக்கும். கடைசியில் பதினாறுக்குச் சுவரை எழுப்பி, இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றரை அடி தள்ளிப் பலகை அடித்துப் பதின்மூன்றாக்குவதென்று பஞ்சாயத்து முடிந்தது. சாஸ்திரம் பலகையைக் கணக்கில் எடுக்காதாம்.

சரி, பைப்புக்கு வருகிறேன். தமிழ்ச்செல்வியும் செல்வமும் அன்றைக்கு வந்திருந்த ஆலோசகரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்த பிறகு, மூலையில் குவித்துப் போட்டிருந்த ஈரச் சாக்குகளின் மேல் போய் உட்கார்ந்தேன். தளத்துக்குத் தண்ணீர் காட்டிய சாக்குகள். மக்கிய சணல் வாசனை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வாசனை வந்தால் சிமெண்டு ஞாபகம் வராது. மழையில் மாட்டிய குறுவை நெல் அறுப்புதான் ஞாபகம் வரும். எனக்கு அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. முன்னது பின்னதாக மாற்றி மாட்டுவது எனக்குப் புதிதில்லை. பதினெட்டு வயதில் ஒரு தடவை மாட்டினேன். அதற்காக ஊரே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

எண்பதுகளின் கடைசி. பிளஸ் டூவில் வேதியியல் என்னைக் கைவிட்டிருந்தது. அப்பா எனக்கு ஒரத்தநாட்டில் ஒரு டிவிக் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தார். முதலாளி அதிராம்பட்டினத்துக்காரர், எல்லோருக்கும் பாய். கொடைக்கானலிலிருந்து டிவி ஒளிபரப்பு வர ஆரம்பித்த சமயம். வீட்டுக்கு வீடு ஆண்டெனா கட்டுவதுதான் என் வேலை. தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் இறங்கி நடவும் அறுப்பும் செய்த எங்கள் தெருவிலிருந்து, பேண்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பேண்டை அப்பாவே கொடியில் காயப் போடுவார். வெளியே தெரிகிற மாதிரி.

ஆண்டெனா பார்த்திருப்பீர்கள், பெரிய மீனின் முள் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் நீளக் கம்பி, போகப் போகக் குட்டையாகும். சின்னக் கம்பி கொடைக்கானலைப் பார்க்க வேண்டும், அதாவது மேற்கே. பெரிய கம்பி முதுகுப்பக்கம். தொழிலில் சூட்சுமம் மொத்தமே அதுதான். வேலையில் சேர்ந்த வாரமே அதை ராத்திரிச் சோற்றில் விரலால் படம் போட்டு அப்பாவுக்கு விளக்கியிருக்கிறேன். அவரும் அணையில் தண்ணீர் திறக்கிற சேதி கேட்கிற மாதிரி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அந்த வருடக் குறுவைக்குத்தான் தகராறு வந்தது. அறுப்புக்கூலியில் ஒரு மரக்கால் நெல் கூட்டிக் கேட்டது எங்கள் தெரு. பெரிய வீட்டு மிராசுதார் முடியாது என்றார். ஊரில் பாதி நிலம் அவருடையது. ஆட்சி மாறினால் அவருடைய வேட்டிக் கரை மாறும், வேட்டிக்குள் இருப்பவர் மாறமாட்டார். விவசாயத் தொழிலாளர் சங்கம் கூடிக் கட்டுப்பாடு போட்டது: பெரிய வீட்டு வேலைக்கு எங்கள் தெருவிலிருந்து யாரும் போகக் கூடாது, போனால் அந்தக் குடும்பத்துக்கே இனி அறுப்புக் கூட்டத்தில் இடமில்லை. சங்கச் செயலாளர் மாரிமுத்து மாமா, அம்மாவின் தம்பி. அப்பாவும் நிர்வாகத்தில் ஒருவர். வெளியூர் ஆட்களை இறக்கிவிடக் கூடாதென்று தெருவே வரப்பில் உட்கார்ந்து காவல் காத்தது. வயலில் கதிர் முற்றித் தலை தொங்கிவிட்டது. மேகம் வேறு கூடிக்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் கூப்பிட்டார்.

"உங்க ஊரு பெரிய வீட்டுக்கு டிவி போவுதுப்பா. சாயங்காலம் படம் பார்க்க பெரிய பெரிய ஆளெல்லாம் வர்றாங்களாம். நீ போயி ஆண்டெனாவக் கட்டிட்டு வந்துரு."

"பாய், எங்க தெருவுல கட்டுப்பாடு."

"அறுப்பு அறுக்கவா போவச் சொன்னேன்? கம்பி கட்டத்தானே!"

நானும் அப்படித்தான் யோசித்தேன். இது விவசாய வேலை இல்லை, டெக்னிக்கல். சங்கத் தீர்மானத்தில் டெக்னிக்கல் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இருந்தாலும் எதற்கு வம்பென்று மூங்கில் தோப்பு வழியாகக் கொல்லைப்புறமாகப் போனேன். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திருட்டுத்தனமாகச் செய்யக்கூடிய வேலைகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. ஆண்டெனா கட்டுவது அவற்றில் ஒன்று இல்லை என்பது மாடிக்கு ஏறிய பிறகுதான் உறைத்தது. ஊரிலேயே உயரமான வீடு. அதன் மேல் இருபது அடிக் குழாய். அதைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில், வானத்தைப் பின்னணியாக வைத்து, பேண்ட் போட்ட ஒருவன். எதிரே வரப்பு முழுக்க எங்கள் தெரு.

முதலில் ஒரு பெண் குரல் வந்தது. "அங்க மேல நிக்கிறது நம்ம அஞ்சலை மவன்தானே?" பிறகு வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அம்மா முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டது தெரிந்தது. மாமா இடுப்பில் கை வைத்து நின்றார். அப்பா மட்டும் ஏனோ நாலு எட்டு முன்னால் வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னையே உற்றுப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கெட்ட வார்த்தைதான் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். கிளாம்ப்பை முடுக்கிவிட்டு இறங்கி ஓடிவந்தேன்.

சாயங்காலம் ரேஷன் கடை வாசலில் சங்கக் கூட்டம். ஒரே பொருள், நான். மாமாவுக்கு என் மேல் பிரியம் உண்டு. அதனாலேயே கூடுதல் கோபம்.

"நாளைக்கு இன்னொருத்தன் பூச்சி மருந்து அடிக்கப் போறேம்பான், அதுவும் டெக்னிக்கலும்பான். என்ன மச்சான், நீங்களே சொல்லுங்க. உங்க குடும்பத்த என்ன செய்யலாம்?"

அப்பா எழுந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "தீர்மானத்துல என்ன இருக்கோ அதச் செய்யுங்க மாப்ள." அவ்வளவுதான் சொன்னார். அறுப்பில்லாமல் எங்கள் வீட்டில் அடுத்த தை வரைக்கும் அடுப்பு எரியாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் பாதிக் குரலில், "அந்த ஆண்டெனாத் தம்பி இருக்காங்களா? ஐயா உடனே வரச் சொன்னாங்க," என்றார்.

"ஏன்?" என்றார் மாமா.

"படம் தெரியலீங்க. எறும்பு ஊர்ற மாதிரியே ஊருது. சத்தமும் புஸ்ஸுன்னு வருது. தாசில்தாரு, எஸ்.ஐ. எல்லாம் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்காங்க. ஐயா டிவிய ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்துட்டாங்க."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "அட எமகாதகப் பயலே! இதுக்குத்தான் மேல ஏறினியா? அதச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?" கணக்குப்பிள்ளையிடம் திரும்பினார். "கட்டுப்பாடு முடியறவரைக்கும் எறும்பையே பார்க்கச் சொல்லுங்க உங்க ஐயாவ."

கூட்டம் மொத்தமும் எழுந்துகொண்டது. யாரோ என் தலையில் துண்டைக் கட்டினார்கள். யாரோ தோளில் தூக்கினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கடைக்குப் போனால் பாய் ஏற்கெனவே எங்கள் ஊருக்குப் போய், அவரே மாடி ஏறி, சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"முன்ன பின்ன மாத்திக் கட்டியிருக்கே. வேணும்னே செஞ்சியா, தெரியாம செஞ்சியா? வேணும்னே செஞ்சேன்னா கடையில வெச்சிக்க முடியாது. தெரியாம செஞ்சேன்னாலும் வெச்சிக்க முடியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும்."

எப்படியும் வேலை போய்விட்டது. மிச்சம் இருப்பது ஊரில் கிடைத்த பெயர் ஒன்றுதான். "வேணும்னேதான் பாய்," என்றேன். பாய் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். சம்பளத்தோடு ஒரு டெஸ்டரையும் சேர்த்துக் கொடுத்து, "படிக்கப் போப்பா," என்றார். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்கு நாலாம் நாள் மழை பிடித்துக்கொள்ள, கதிர் சாய்ந்து முளை விட்டுவிடுமோ என்ற பயத்தில் மிராசுதார் அரை மரக்காலுக்கு இறங்கி வந்தார். அந்த எறும்புதான் கூலியை உயர்த்தியது என்று மாமா கடைசி வரைக்கும் கல்யாணம், காரியம், தேர்தல் எல்லாவற்றிலும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. கடைசியாக நான் கேட்டபோது தாசில்தார் கலெக்டராகியிருந்தார்.

அறுப்பு முடிந்து ஒரு நாள் வாய்க்காலில் அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா, நிமிராமலே கேட்டார். "நெசமாவே தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"இல்லப்பா."

"எனக்குத் தெரியும். நீ மேல கட்டயிலயே பார்த்துட்டேன். பெரிய கம்பி மேற்க இருந்துச்சு. மாத்திக் கட்டுடான்னு கத்தலாம்னு வாயெடுத்தேன். கட்டுப்பாட்டுல உக்காந்துக்கிட்டு எப்படிக் கத்துறது?" அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலையும் தெரியல, வெவஸ்தையும் தெரியல. வெளிய சொல்லித் தொலைச்சிடாதே."

நான் சொல்லவில்லை. வேதியியலைத் திரும்ப எழுதினேன், எப்படியோ இயற்பியல் வாத்தியாராகவும் ஆனேன். மின்காந்த அலைகள் பாடம் வந்தால் மட்டும் பையன்களிடம் படித்துக்கொண்டு வரச் சொல்லிவிடுவேன்.

சாக்கிலிருந்து எழுந்தபோது, மேற்கே வந்த பைப்பை உடைப்பதில்லை, திரையைக் கிழக்கே மாற்றிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. கிழக்குச் சுவரில்தான் வாசல் இருக்கிறது. இனி யாராவது காப்பி கொண்டுவந்தால் படத்துக்குள்ளிருந்து இறங்கி வருவார்கள்.

ஆலோசகர் இளைஞர் பைக்கில் ஏறும்போது, அவர் மேல் எரிச்சல் தீராவிட்டாலும், என் ஆறுதலுக்காக அந்த ஆண்டெனாக் கதையைச் சொன்னேன். அப்பாவுக்குப் பிறகு முதல்தடவையாக முழு உண்மையாக, தெரியாமல்தான் மாற்றிக் கட்டினேன் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆண்டெனாவுக்கு முன்பக்கம் பின்பக்கம்னு இருக்கா சார்?" என்றார்.

நான் வயல் பக்கம் பார்த்தேன். அங்கே வெளி மாவட்டத்திலிருந்து வந்த அறுவடை மிஷின் ஒன்று தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் காதில் ஹெட்போன். வரப்பில் ஓர் ஆள் இல்லை. மாமாவின் பிள்ளைகள் திருப்பூரில். சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பா போயும் எட்டு வருடமாகிறது. வீட்டில் என்னைத் திட்ட ஆள் இருக்கிறது, அது வேறு இலாகா. அந்தக் கட்டுப்பாட்டை மீறித்தான் நான் மாடி ஏறினேன் என்று தெரிந்தால், அன்றைக்கு என் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தில் எறிந்து, "துரோகிப் பயலே" என்று திட்டுவதற்கு உரிமையுள்ள ஒருத்தர்கூட இப்போது ஊரில் இல்லை.