அக்கா கொண்டுபோக முடியாத மாத்திரைகள்

எங்கள் அக்கா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். போர் விரட்டியபோது எங்களை முகாம் முகாமாகக் கூட்டித் திரிந்தவரும், கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தவரும் அவரே. பகலில் தொழிற்சாலை, மாலையில் படிப்பு என்றிருந்து தாதியானார். தமக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்றதும் ஒரு தொண்டு நிறுவனத்துடன் ஆபிரிக்காவின் கமரூன் நாட்டுக்குப் புறப்பட்டார்.

"உழைச்சது காணும். இனியாவது வீட்டில இருங்கோவன் அக்கா" என்றேன்.

"போட்டு வாறனடி. அங்கை சனம் சும்மா குருடாகுதுகள்" என்றார்.

அவர் போனது வேகமாக ஓடும் ஓர் ஆற்றின் கரையிலிருந்த கிராமத்துக்கு. கறுப்பு ஈக்கள் கடிக்கக் கடிக்க உடம்பில் புழு பரவும். முதலில் தாங்கமுடியாத சொறி. பல ஆண்டுகள் கழித்துக் கண் போகும். போன கண்ணை எந்த மருந்தும் மீட்டுத் தராது. ஆண்டுதோறும் மாத்திரை விழுங்கினால் இருக்கிற பார்வையைக் காக்கலாம். அது குஞ்சுப் புழுக்களை அழிக்குமே தவிரத் தாய்ப்புழுவைக் கொல்லாது. ஆகவே பல ஆண்டுகள் விடாமல் விழுங்கவேண்டும்.

அங்கே மாத்திரை கொடுக்க ஊரார் தெரிந்தெடுத்த பெண் எஸ்தர். அவருடைய தாயார் ஏற்கெனவே பார்வையிழந்தவர். எஸ்தர் அளவுகோலை நிறுத்தி ஒவ்வொருவரின் உயரத்தையும் பார்ப்பார். அதற்கேற்ப அக்கா மாத்திரையை எண்ணிக் கொடுப்பார். "இப்ப சொறியாமல் நித்திரை கொள்ளுதுகள்" என்று, ஆண்டுதோறும் போய்வந்த ஒவ்வொரு பயணத்தின் பின்னும் சொல்லிச் சிரிப்பார். அக்கா அப்படிச் சிரித்ததை நாங்கள் வேறெப்போதும் கண்டதில்லை.

பின்னர் அங்கும் சண்டை மூண்டது. ஊர் காட்டுக்குள் ஓடியது. மாத்திரைப் பெட்டிகள் நகரத்துக் களஞ்சியத்திலேயே கிடந்தன. அவற்றை ஊருக்குச் சேர்க்கும்படி அக்கா தெரிந்த எல்லோரிடமும் கெஞ்சினார்.

"மருந்து இருக்கு, சனம் இருக்கு, நடுவில பாதை இல்லை. இதை ஆரிட்டைப் போய்ச் சொல்ல?" என்று ரொறன்ரோ மோர்னிங்சைட் வீட்டின் குசினியில், அடுப்புப் பக்கம் நின்று அழுதார்.

ஆண்டுகள் போயின. சண்டை ஓயவில்லை, அக்காவைப் புற்றுநோய் பிடித்தது. அவர் படுக்கையில் இருந்தபோது எஸ்தர் தொலைபேசியில் அழைத்தார். ஊரில் பழையபடி சொறி தொடங்கிவிட்டதாம். தன்னுடைய கண்ணும் மங்கி வருகிறதாம். எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

அக்கா ஆங்கிலத்தில், "வருவேன்" என்றார். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"பொய் சொல்லிப்போட்டனடி."

அதன் பின் சாப்பாட்டை மறுத்துவிட்டார். சில நாட்களில் எங்களைவிட்டுப் போனார்.

ஈமக் காரியங்கள் நடந்துகொண்டிருந்தபோது எஸ்தர் மறுபடியும் அழைத்தார். அக்கா இறந்துவிட்டார் என்றேன். நெடுநேரம் அழுதார். பிறகு, "இனி யார் கொண்டுவருவார்கள்?" என்று கேட்டார்.

அக்காவை இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், வேளை தவறாமல் சமைத்துத் தந்த அயலவர்க்கும், ஒஷாவா நகரிலிருந்து பனிக்குள்ளும் வந்துபோன உறவுகளுக்கும் எங்கள் கண்ணீர் கலந்த நன்றி. அந்த ஊருக்கு மருந்து போகும் வழி அறிந்தவர்கள் தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்ட இடங்களிலெல்லாம் வழி இல்லை என்றே சொல்கிறார்கள்.

தங்கை