தங்கவேல் அண்ணனின் தேர்ப்பாட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பதுளையில் என் ஸ்பீக்கர் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது தங்கவேல் அண்ணனின் மகள் போன் பண்ணினார். "அப்பா போயிட்டாருங்க. தூக்கத்துலயே." சாவியும் கையுமாகப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியை ஆயுள் முழுக்க ஓட்டியவர் அவர். எங்களுக்கோ தேர்ப்பாட்டுக்காரர். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றிவந்த மாரியம்மன் தேர் திரும்பவும் கோயிலுக்கு ஏறும் பாதை செங்குத்தானது. வடம் பிடிப்பவர்களுக்கென்றே, 'எங்க லயத்து வாசலுக்கும் இறங்கி வந்த தாயே' என்று சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். தவில், உடுக்கு, அவருடைய கனத்த குரல்; ஒவ்வொரு அடி முடிவிலும் சற்று நிறுத்துவார்.

மூன்று வருடத்துக்கு முன், பதுளை இளைஞர்கள் நால்வர் தங்கள் ராக் பேண்டில் அந்தப் பாட்டை எடுத்துப் பாடினார்கள். அண்ணனுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். மெட்டு அதேதான். வேகம் இரண்டு மடங்கு. அவர் நிறுத்திய இடமெல்லாம் கிட்டார்.

"என்ன தம்பி, மூச்சு விடாம பாடுறானுங்க? பின்னால போலீஸ் வருதா?"

"இப்ப இதுதாண்ணே ஓடுது."

"ஓடட்டும். தேருக்கு வேணாம். அப்புறம் நான் கட்டுன மாதிரி எவனும் பாட மாட்டான்."

உள்ளதைச் சொல்கிறேன்: பேண்ட் வந்தால் என் பெரிய ஸ்பீக்கர் செட் வாடகைக்குப் போகும். கோயில் கமிட்டியிடம் பேசி அவர்களைக் கூப்பிட்டது நான்தான். அண்ணன் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருவிழாவன்று பேண்டை லொறியில் ஏற்றித் தேருக்கு முன்னால் விட்டோம். சனம் துள்ளிக்கொண்டு இழுத்தது. தேரில் இருந்த பூசாரி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அடேய், மெதுவா! நானும் இருக்கேன்டா!" என்று கத்தினார். பாதி ஏற்றத்தில் எல்லோருக்கும் இரைத்தது. அண்ணன் நிறுத்தும் இடத்தில்தான் இத்தனை காலமும் மூச்சு வாங்கினோம், தேர்ச் சில்லு பின்னால் உருளாமல் கட்டை வைத்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேண்டின் பாட்டில் கட்டை வைக்க நேரமே இல்லை. தேர் ஒரு முழம் பின்னால் வந்தது.

அண்ணன் லொறியில் தாவி ஏறி மைக்கைப் பிடுங்கினார். ஓரடி பாடி நிறுத்தினார். கட்டை விழுந்தது. அடுத்த அடி. ட்ரம்ஸ்காரரும் அவர் வேகத்துக்கு இறங்கிவந்தார். அப்படியே மேலே போய்ச் சேர்ந்தோம். கோயில் முன்னாலுள்ள சமதரையில் மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப காட்டுங்கடா உங்க வேகத்தை!"

முதலில் ஆடியவரும் அண்ணன்தான்.

"எதுண்ணே நல்லா இருந்துச்சு?" என்று பயந்து பயந்து கேட்டேன்.

"ஏத்தத்துக்கு என்னோடது. ஆட்டத்துக்கு அவனுங்களோடது. நீ வாயை மூடிக்கிட்டு ஸ்பீக்கரைப் பாரு."

தோட்டத்து மயானமும் மேட்டில்தான் இருக்கிறது. நேற்றுப் பாடை சுமந்தவர்களில் பேண்டின் பாடகரும் ஒருவர். ஏற்றம் தொடங்கியதும் அவராகவே அந்தப் பாட்டை எடுத்தார்: கிட்டார் இல்லாமல், நிதானமாக, அண்ணன் கட்டியபடியே. அவர் நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும் நாங்கள் தோள் மாற்றிக்கொண்டோம்.

போய் வாருங்கள் அண்ணே. ஒரு குலுங்கல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.