அம்மாவின் இடுப்பில் இரண்டாம் சீடி

அம்மா அதுவரை ஒரு படத்தையும் முடிவுவரை பார்த்ததில்லை. கதை சூடு பிடிக்கும்போதுதான் பீலிக் குழாயில் தண்ணீர் வரும், இல்லாவிட்டால் அப்பாவுக்குப் பசிக்கும். திரும்பி வந்து, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பாள். ஒரு வரியில் கதையைச் சொல்லிவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம்.

யட்டியாந்தோட்டைக் கடையொன்றில் வேலை செய்த அண்ணன், ஒரு முறை இங்கிலீஷ் படமொன்றை இரண்டு சீடிகளில் கொண்டுவந்தான். மறுநாள் விடியவே மழை. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. அன்றைக்கு அதற்காக யாரும் முகத்தைத் தூக்கிவைக்கவில்லை. வரிசை வீடுகள் கொண்ட லயமே எங்கள் வீட்டுக்குள் வந்து அடைந்துகொண்டது.

படத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் மேகம் மூடிய மலையுச்சிக்கு ஏறுகிறார்கள். பூண்டோடு அழிந்துபோனதாக உலகம் நம்பிய டைனோசர்கள் அங்கே உயிரோடு மேய்கின்றன! முதல் தலை மரங்களுக்கு மேலே எழும்பியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. இறங்கும் கயிறு அறுந்து, எல்லோரும் மேலே மாட்டிக்கொண்ட இடத்தில் முதல் சீடி முடிந்தது.

அப்போதுதான் கங்காணி வாசலில் நிற்பதைப் பார்த்தோம். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "மழ விட்டுருச்சு. மரம் காஞ்சதும் வெட்டணும், வாங்க," என்றார், டீவியைப் பார்த்தபடியே.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நானும் பால் வெட்டப் போகிறவள்தானே. அண்ணனோ, "நீங்க போங்க, நான் பாத்துட்டுக் கதய சொல்றேன்," என்று சாவகாசமாக இரண்டாம் சீடியை எடுத்தான். அம்மா அதை அவன் கையிலிருந்து வாங்கி, சிலிசிலி பிளாஸ்டிக் பேக்கில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரப்பர் மலையில் கத்தியைவிட வாய்தான் வேகமாக ஓடியது. "கொடியப் புடிச்சு எறங்கிறலாம்," என்றாள் ஒருத்தி. "அந்த மிருகம் பாத்துக்கிட்டு நிக்குமா?" என்றாள் இன்னொருத்தி. வெட்டி முடித்துப் பால் வடிந்துகொண்டிருக்கையில் மறுபடி வானம் இருட்டியது. மழை விழுந்தால் மரத்தில் கட்டிய சிரட்டைகளின் பால் அத்தனையும் வீண். வாளிகளோடு விழுந்தடித்து ஓடினோம். அம்மா ஒரு கையில் வாளி, மறுகையால் இடுப்பைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பால் நிறுக்கும் இடத்தில் கங்காணி, "சுருக்கா, சுருக்கா," என்று எல்லோரையும் விரட்டினார். அவசரம் யாருக்கென்று எங்களுக்குத் தெரியாதா என்ன?

வீட்டுக்கு வந்து, ஈரச் சேலையோடு உட்கார்ந்து இரண்டாம் சீடியைப் பார்த்தோம். கடைசி ஆளும் தப்பிக் கீழே இறங்கியபோது வீடே கைதட்டியது. கூடவே வந்து பார்த்த கங்காணி குடையை எடுத்தார். அண்ணன் நிறுத்தப் போனான்.

"நிறுத்தாத, இன்னும் ஓடுது," என்றாள் அம்மா.

கறுப்புத் திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. "அதெல்லாம் படத்துல வேல செஞ்சவங்க பேரும்மா," என்றான் அண்ணன்.

"இருக்கட்டும்."

அம்மாவுக்கு அதில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். திரை வெறுமையானதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"முடிஞ்சிருச்சு," என்றாள்.