கணப்பு வைத்த வீடு

அல்சூரில் மௌரீன் என்ற ஆங்கிலோ-இந்திய அம்மாளிடமிருந்து சேஷகிரி வீடு வாங்கியபோது கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. பின்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. கூடத்துச் சுவரில் ஒரு கணப்பு இருந்தது. சுற்றிலும் பச்சை ஓடு பதித்து, மேலே தேக்குப் பலகை வைத்து, துரைமார் உட்கார்ந்து குளிர்காய்வதற்கென்றே கட்டியது. சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. துரைமார் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன குளிரைக் காய யாராவது வேண்டாமா?

ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படும் அன்று மௌரீன் சாவியைக் கொடுத்துவிட்டு, "புகைக்கூண்டை வருஷா வருஷம் க்ளீன் பண்ணணும், மேன். மறந்துடாதே" என்றாள்.

"எஸ், எஸ்" என்றார் சேஷகிரி. சர்க்கார் ஆபீசில் சூப்பரின்டெண்டென்ட். எதைக் கேட்டாலும் எஸ் சொல்லி ஓரமாக வைத்துவிடுவது இருபது வருஷத்து அனுபவம்.

அவர் மனைவி ருக்மிணி சிதம்பரத்துப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் அவளுக்கு விரல் மரத்துப்போகும். கோலப்பொடியைக் கிள்ளினால் கிள்ளியது தெரியாது. "குளிர்றதுன்னா" என்பாள். "இது ஒரு குளிரா? குளிர்னா லண்டன்ல" என்பார் அவர். வடக்கே ரயிலில் அரசிகெரேயைத் தாண்டி அவர் போனதில்லை. இந்த லண்டன் சமாசாரத்தைச் சொல்லும்போது அவர் கம்பளிக் கோட்டும், மப்ளரும், கண் மட்டும் தெரியும் குரங்குக் குல்லாவும் போட்டிருப்பார்.

முதல் டிசம்பரில் கணப்பைப் பற்றவைக்கும் வைபவத்துக்கு ஆபீஸ் சகாக்கள் நாலு பேரை அழைத்தார். யூகலிப்டஸ் கட்டைகளை அடுக்கித் தானே தீக்குச்சி கிழித்தார். கொஞ்ச நேரம் எல்லாம் கம்பீரமாகத்தான் இருந்தது. கூண்டுக்குள் பல தலைமுறைப் புறாக்கள் கட்டிவைத்த கூடுகள் அடைத்துக்கொண்டிருந்தன. மேலே போக வழியில்லாத புகை கூடத்துக்குத் திரும்பி வந்தது. பின்னாலேயே கரியும், சுள்ளியும், இறகும் பொலபொலவென்று கொட்டின. விருந்தாளிகள் வாசலுக்கு ஓடிப்போய் நின்று இருமினார்கள். மறுநாள் ஆபீசில் அவர்களுடைய சிவந்த கண்களைப் பார்த்தவர்கள், எங்கே சாவு என்று விசாரித்தார்கள்.

"கூண்டைச் சுத்தம் பண்ணச் சொன்னாளே அந்தம்மா" என்றாள் ருக்மிணி.

"தப்பு கூண்டில் இல்லை. ஜன்னலில்" என்றார் சேஷகிரி.

வீட்டின் உஷ்ணமெல்லாம் ஜன்னல் இடுக்கு வழியாக ஓடிவிடுகிறது. அதைப் பிடித்து வைத்தால் போதும் என்பது அவர் கண்டுபிடிப்பு. இல்லாத உஷ்ணம் எப்படி ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் மைதாப் பசை காய்ச்சி, படுக்கையறை இடுக்குகளிலெல்லாம் பழைய செய்தித்தாளை ஒட்டினார். மேலே இருந்த காற்றுத்துளைகளில் கோணித்துணியை அடைத்தார். சாயங்காலம் கும்மட்டி அடுப்பில் கரியைக் கனியவைத்து அறை நடுவில் கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார்.

காப்பி கொண்டுபோன ருக்மிணி கதவைத் திறந்தபோது அவர் நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தார். கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. டம்ளரைப் போட்டுவிட்டு, அவர் கக்கத்தில் கையைக் கொடுத்து முற்றம் வரைக்கும் இழுத்து வந்தாள். பக்கத்து வீட்டு லட்சுமம்மா ஓடிப்போய் டாக்டர் மைக்கேல்ராஜை அழைத்து வந்தாள்.

டாக்டர் நாடி பார்த்தார், அறையைப் பார்த்தார், ஜன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாளில் ஒரு பாரா படித்தும் பார்த்தார். "கரியடுப்பை வெச்சுட்டு ரூமை இப்படி மூடினா ஆளே போயிடுவீங்க சார். உடம்பு சூடா இருக்கணும்னா முதல்ல உயிர் இருக்கணும்."

மறுநாள் ருக்மிணி அவரைக் கேட்காமலே எல்லாக் காகிதத்தையும் கிழித்து எறிந்தாள். பிறகு பாயும் மணைக்கட்டையுமாகப் பச்சலுக்குக் குடிபோனாள்.

பச்சல் என்று அந்த ஊரில் சொல்வது வெந்நீர் போட்டுக் குளிக்கும் அறையை. மூலையில் செங்கல் அடுப்பின்மேல் பெரிய செப்பு அண்டா. விறகு தள்ளும் வாய் சுவருக்கு வெளியே, தோட்டத்துப் பக்கம். அதனால் உள்ளே புகை வராது. காலையில் எல்லாரும் குளித்து முடித்த பிறகும் தணல் கிடக்கும், சாயங்காலம் வரைக்கும் சுவர் கதகதவென்றிருக்கும். ருக்மிணி தரையைத் துடைத்துக் காயவைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் இதை விட்டுவிட்டு லண்டனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது.

அவரைக்காய்க் காலம். காயை உரித்து, கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுக்கிற வேலை ஒரு ஆளால் முடியாது. லட்சுமம்மா தன் வீட்டுக் காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜோகுபாளையத்திலிருந்து வேலைக்கு வரும் பாஞ்சாலியும் உட்கார்ந்தாள். மூன்று பேர் சிரிப்பும் கூடம் வரைக்கும் கேட்டது. பாஞ்சாலி சரிசமமாக உட்காருவதில் சேஷகிரிக்கு ஆட்சேபணை இருந்தது. ஆனால் வெளியே குளிரில் நின்றுகொண்டு ரொம்ப நேரம் ஆட்சேபிக்க முடியவில்லை.

ஜனவரியில் அவருடைய மேலதிகாரி கோவிந்தப்பா, கணப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு முன்னறிவிப்பில்லாமல் வந்துவிட்டார். கன்னடக்காரர், வயதானவர், வாத உடம்பு. தணுத்துக் கிடந்த கூடத்தில் அவர் பல் கிட்டிக்கொண்டது.

"ஏன் ஸ்வாமி, அந்தக் கணப்பை ஹச்சக்கூடாதா?"

"கொஞ்சம் ரிப்பேர் சார், பத்தவைக்க முடியலை..." என்று சேஷகிரி இழுத்தார்.

ருக்மிணி பச்சலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, உள்ளே வாங்கோ. இங்கே சூடா இருக்கு."

"பச்சலுக்கா கூப்பிடறே? அவர் யாருன்னு தெரியுமா?" என்று சேஷகிரி பல்லைக் கடித்தார். அதற்குள் கோவிந்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். அண்டாவுக்குப் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து, முழங்காலைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு தானாகவே கிண்ணத்தை இழுத்துவைத்து அவரைக்கொட்டையைப் பிதுக்க ஆரம்பித்தார். "நம்ம அம்மா காலத்திலே இது என் வேலை" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு, "பஹள நன்னாயிருக்கு சேஷகிரி. ஃபஸ்ட் கிளாஸ் ஏற்பாடு" என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார்.

அந்த நிமிஷத்திலிருந்து ஏற்பாடு சேஷகிரியுடையதாகிவிட்டது. ஆபீசில் செங்கல் எப்படி உஷ்ணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், விறகு வாய் ஏன் வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கினார். "இதை நான் ரொம்ப நாளா யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றார். லட்சுமம்மாதான் இதைக் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். ருக்மிணிக்குக் கோபம் வரவில்லை. "சொல்லிக்கட்டும். விறகு அவர்தானே வாங்கிப் போடறார்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் கண்டுபிடித்தவர் தன் கண்டுபிடிப்பில் உட்கார வந்தார். குரங்குக் குல்லாவோடு வாசற்படியில் நின்று, "கொஞ்சம் நகருங்கோ" என்றார்.

ருக்மிணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "இங்கே சும்மா உட்காரக்கூடாது."

சேஷகிரி பாஞ்சாலியைப் பார்த்தார், லட்சுமம்மாவைப் பார்த்தார், பின்னால் கூடத்தைப் பார்த்தார். பிறகு கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்தார். அவர் பிதுக்கிய முதல் கொட்டை துள்ளிப்போய் அண்டாவுக்குள் விழுந்தது.

"மெதுவா, ஐயரே. நுனியைப் பிடிச்சு அமுக்கணும்" என்றாள் பாஞ்சாலி.

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர் நுனியைப் பிடித்து அமுக்கினார்.