பருப்புக்கடைத் தராசில் என் மகள்

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா மகிழினியைத் தூக்கிக்கொண்டு கீழே கடைக்குப் போவார். பருப்பு மூட்டை நிறுக்கும் தராசில் துண்டை விரித்து அவளைப் படுக்கவைத்து எடை பார்ப்பார். மாடி ஏறி வந்து எனக்குச் சொல்வார். அன்று வந்தவர் குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டுத் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"என்னப்பா?"

"குறைஞ்சிருக்கு மக்கா."

"எவ்வளவு?"

"போன மாசத்தவிட நூறு கிராம். ரெண்டு வாட்டி வச்சுப் பாத்தேன்."

இந்த வயதில் ஒரு குழந்தையின் எடை ஒரு மாதத்தில் கூடாமல் இருப்பதே தவறு. குறையவே கூடாது. மகிழினிக்கு ஐந்து மாதம் முடியவில்லை. தாய்ப்பால் தவிர எதுவும் கொடுத்ததில்லை. ஆறு மாதம்வரை அப்படித்தான் என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அப்பாவின் பெயர் ராசையா. மார்த்தாண்டம் பக்கம் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தோற்று, தண்டையார்பேட்டையில் தாய்மாமன் நடத்திய பருப்புக் கடைக்கு வேலைக்கு வந்தார். மூட்டை தூக்கினார், சாக்கு தைத்தார், கல்லாவில் உட்கார்ந்தார். பிறகு அதே தெருவில் சொந்தமாக மொத்த வியாபாரம் தொடங்கினார். கீழே கடை, மேலே வீடு. ஊரிலிருந்து தேவகிருபையை, என் அம்மாவை, கல்யாணம் செய்து அழைத்து வந்தார்.

பயத்தையும் பாசத்தையும் அவருக்கு வெளியே சொல்லத் தெரியாது. எடையாகத்தான் சொல்வார். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அங்க தலையில மாட்டுத தொப்பி எத்தன கிராம் இருக்கும்? கழுத்து வலிக்காதா?" என் கணவர் கப்பலில் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனம் பத்தாது" என்பார். அதற்கு, பார்த்துப் போய் வாருங்கள் என்று பொருள்.

மொத்தக் கடையில் மூட்டையோடு நிறுத்துவிட்டுச் சாக்கின் எடையைக் கழித்து விலை போடுவார்கள். அப்பா அதை வாயால் சொல்லியபடியே மனத்தில் கழிப்பார். பிசகியதில்லை. அம்மா ஒரு விடியற்காலையில் எழுந்திருக்காமல் போன பிறகு அந்தக் கழிவு அவருக்கு மறந்துபோகத் தொடங்கியது. சில்லறைக் கடைக்காரர்கள் போனில் சத்தம் போட்டார்கள். நான் மேலேயே இருந்தேன். அடக்கத்துக்குப் பிறகு நான் கடைப்பக்கம் இறங்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்த நாற்காலி இருந்தது.

அன்று மாலை தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பகலவன் மேலே வந்தார். வியாசர்பாடிக்காரர். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து கடையில் மூட்டை தூக்குபவர்.

"பாப்பா எடை எறங்கிப் போச்சாமே ஷெர்லினம்மா? மொதலாளி மூஞ்சியே சரியில்ல."

"ஆமாண்ணா."

"பசி தீரலம்மா அதுக்கு. என் பொண்ணுக்கு நாலாவது மாசமே பிஸ்கோத்த டீல ஊறவெச்சிக் குட்த்தோம். இப்ப பாரு, வூட்ல என்னியே மெரட்டிகினு கீது." கேனைச் சாய்த்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வூட்ல இன்னா சொல்லுதுன்னா, துக்கம் பட்டா பாலு வத்திப் பூடுமாம். உன் மேல தப்பு இல்லம்மா. யாருக்கா இருந்தாலும் அப்டித்தான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். நான் பயந்ததும் அதற்குத்தான்.

குழந்தையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. துணி நனைத்துக்கொண்டே இருந்தாள். குடித்து முடித்ததும் கை விரிந்து தூங்கினாள். விழித்தால் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை ஒன்றைச் சொன்னது, எண் வேறொன்றைச் சொன்னது. வேலையில் இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அப்போது பிரசவ விடுப்பில் இருந்தேன், வேலையில் இல்லை. எண்ணை நம்பினேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா ஆரம்பித்தார்.

"அம்மா இடிச்சு வச்ச ஏத்தங்காப் பொடி கெடக்குல்லா. ஒரு கரண்டி காய்ச்சிக் குடுத்துப் பாப்பமா?"

நேந்திரங்காயைச் சீவிக் காயவைத்து இடித்த மாவு அது. எங்கள் ஊர்ப் பக்கம் குழந்தைக்கு முதல் ஆகாரம். எனக்கு நிறைமாதமாக இருந்தபோது அம்மா செய்தாள். எங்கள் மொட்டைமாடியில் எதைக் காயவைத்தாலும் லாரிப் புகையும் கரித்தூளும் படிந்து சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். அதனால் கூடத்தில் பாய் விரித்து, மேலே கொசுவலை கட்டி, மின்விசிறிக் காற்றிலேயே காயவைத்தாள். அத்தனை நாளும் வீட்டில் எல்லோரும் சுவரோரமாக நடந்தோம்.

"ஆறு மாசம் ஆகட்டும்ப்பா."

"ஆறு மாசம், ஆறு மாசம்னு புஸ்தகம் சொல்லுது. புஸ்தகத்துக்கா பசிக்கி?"

"அவளுக்கு இன்னும் உக்காரத் தெரியல. உதட்டுல கரண்டி பட்டாலே நாக்கால வெளிய தள்ளுறா. முழுங்கத் தெரியாது."

"உனக்கு மூணு மாசத்துல குடுத்தோம். நீ இஞ்சினியர் ஆவலியா?"

"வயித்தால போய் ஆஸ்பத்திரியில கெடந்தேன்னு அம்மா சொல்லிருக்கா."

"அது அப்ப தண்ணி சரியில்ல." தட்டில் விரலால் கோடு போட்டார். "மக்கா, ஒருத்திய அசந்து விட்டுட்டோம். இவளயும் விட்டுரப்பிடாது."

"சரிப்பா, நாளைக்குக் குடுப்போம்" என்றேன். "குடுக்கிறதுக்கு முன்னால எடைய நானே ஒரு தடவ பாத்துக்கிறேன்."

காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். நாற்காலியின் மேல் யாரோ பாமாயில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அது எனக்கு உதவியாக இருந்தது. பகலவன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா துண்டை உதறினார்.

"நில்லுங்கப்பா."

தராசு வெறுமையாக இருந்தது. அதன் முகப்பில் சிவப்பு எழுத்தில் அறுநூறு கிராம் காட்டியது. முன்னால் ஒரு சின்னக் கோடு. கழித்தல் குறி.

"வெறும் தராசு ஏன் கழித்தல்ல நிக்குது?"

"அதுவா? அது சாக்குக் கழிவுல்லா. எனக்கு மறந்து மறந்து போவுதுன்னு மெக்கானிக்க வரச்சொல்லி வச்சேன். இப்ப மூட்டைய வச்சா அதுவே சாக்க கழிச்சிட்டு..."

அப்பா நிறுத்தினார். துண்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

"பிள்ள சாக்குல இல்லியே" என்றார்.

பகலவன் தொடையில் தட்டிக்கொண்டார்.

"இன்னா மொதலாளி! பேத்திய தொவரம்பருப்பு கணக்கா நிறுத்துகினு கீறீங்களே! நல்லவேள, எங்கியும் டெலிவரி அனுப்பாம வுட்டீங்க!"

"சும்மா இருடே." அப்பா தராசின் முகப்பை விரலால் தட்டினார். "எப்ப வச்சான் அவன்? போன எடைக்குப் பொறவுதான். ஆமா, பொறவுதான்."

நான் குழந்தையைப் பகலவனிடம் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினேன். கழிவை நீக்கிச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். பிரிக்காத உப்புப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். சரியாகக் காட்டியது. இறக்கினேன். மறுபடி சுழியம். துண்டை விரித்து, அதற்கும் சுழியம் வைத்து, மகிழினியைப் படுக்கவைத்தேன். அவள் காலை உதைத்ததில் எண்கள் ஆடின. அடங்கும்வரை மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து நின்றோம்.

போன மாதத்தைவிட அரைக் கிலோ கூடியிருந்தாள்.

அப்பா கொண்டைக்கடலை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். பிறகு முகத்தைத் துடைக்கக் கைக்குக் கிடைத்த சாக்கை எடுத்தார். தும்மல் வந்தது. தும்மி முடித்து மறுபடி சிரித்தார். என் உடம்பு முழுவதும் லேசாகிவிட்டது. என் பாலில் குறையில்லை. துக்கம் அதைத் தொடவில்லை. குழந்தை பட்டினி கிடக்கவில்லை.

"எங்க வூட்ல சொன்னத அப்டியே வுட்டுடும்மா" என்றார் பகலவன். "அது எதுனா சொல்லிகினே இருக்கும்."

மாடிப்படி ஏறும்போது அப்பா பாதியில் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"அப்ப பொடி?"

"ஒரு மாசம் போகட்டும்ப்பா. இப்ப அவசரமே இல்லியே."

"வண்டு விழுந்துரும் மக்கா." கைப்பிடிச் சுவரைத் தடவினார். "மழ வருது. ஈரம் ஏறும். முப்பது நாப்பது வருசமா இதத்தான பாக்கேன். அது அவ கையால இடிச்சது. பிள்ள வாயில ஒரு வாயாவது போவணும். பிள்ள திங்கத அவ பாக்கல்ல. பிள்ளயாவது தின்னுருக்கணும்லா." இன்னொரு படி ஏறிவிட்டுச் சொன்னார். "எட குறைஞ்சிட்டுன்னு பாத்தப்ப பயந்தேன், சத்தியமாட்டு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். இனி குடுக்கலாம்லான்னு. என்ன மனுசன் பாரு நான்."

"வாங்கப்பா" என்றேன். "வண்டு விழாம பாத்துக்கலாம்."

அன்றே குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனோம். அங்கே செவிலியர் நீலா தடுப்பூசி போட்ட நாளிலிருந்து மகிழினியைத் தெரிந்தவர். அவருடைய தராசும் என் கணக்கோடு ஒத்துப்போனது. சாக்குக் கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்த இரண்டு குழந்தைகள் விழித்துக்கொண்டன.

"நல்லாத்தானே கீது பொண்ணு. இன்னாத்துக்கு இப்பவே திணிக்கணும்? ஆறு மாசம் முடியட்டும். புட்ச்சா உக்காருதா, கழுத்து ஆடாம நிக்கிதா, நீங்க துன்றப்ப உங்க வாயையே பாக்குதா, அப்ப குடு. ஆறு மாசத்துக்கு மேல தள்ளவும் தள்ளாத. பால் மட்டும் பத்தாது அப்ப."

அப்பா முன்னால் நகர்ந்தார். "ஒரு பொடி இருக்கும்மா. ஏத்தங்கா. கொஞ்ச நாள் ஆச்சு."

"காஞ்சி கீதா? காத்து போவாம மூடி ஃப்ரிட்ஜ்ல வையுங்க ஐயா. ஈரக் கரண்டி போடாதீங்க. கெட்ட வாசன வந்தா, வண்டு கிண்டு வுழுந்தா, பாவம் பாக்காம கடாசிடுங்க. கொழந்த வயிறு முக்கியம்."

"கடாசிருவேன்" என்றார் அப்பா. பள்ளிக்கூடத்துப் பையன் சொல்வதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பொடியை மெல்லிய துணியில் சலித்தார். கைநிறைய அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். சுத்தமாக இருந்தது. கடையில் பருப்புப் பொட்டலத்துக்கு வாய் ஒட்டும் இயந்திரத்தை மேலே கொண்டுவரச் சொல்லி, சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஒட்டினார். ஒன்று கெட்டாலும் மற்றது தப்பும் என்றார். அதற்குப் பிறகு பொடியைப் பற்றிப் பேசவில்லை. காலை ஜெபம் முடிந்ததும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுவார். கடையில் சாக்குக் கழிவை மறுபடி மனத்திலேயே போடத் தொடங்கினார். முதல் வாரம் பிசகியது. பிறகு பிசகவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. மகிழினி தலையணைகளுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பா இட்லி சாப்பிட்டால் அவர் கையோடு அவள் தலையும் மேலே போய்க் கீழே வந்தது. ஒருநாள் தட்டுக்குள் கையை விட்டுச் சட்னியை அள்ளிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில குடுப்போம்ப்பா" என்றேன்.

மறுநாள் ஒரு பொட்டலத்தைப் பிரித்து மறுபடி முகர்ந்தோம். வாசனை மாறவில்லை. தண்ணீரில் கரைத்து, அடிபிடிக்காமல் கிளறி, கூழாகக் காய்ச்சினேன்.

"கருப்பட்டி?"

"வேண்டாம்ப்பா. இப்ப இனிப்பு எதுவும் கூடாது."

"அவ போட்டிருப்பா."

"நான் சண்ட போட்டிருப்பேன்."

"அவ கேட்டிருக்க மாட்டா" என்று சொல்லிச் சிரித்தார். அம்மாவைப் பற்றிப் பேசி நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்பா ஜெபித்தார். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. ஆமென் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். முதல் கரண்டியை நான் கொடுத்தேன். மகிழினி முகத்தைச் சுளித்தாள். பாதி தாடையில் வழிந்தது. இரண்டாவதை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். தொண்டை அசைந்தது. விழுங்கிவிட்டாள்.

கரண்டியை அப்பாவிடம் நீட்டினேன். பெரிய கை, சின்னக் கரண்டி. அவர் அதைப் பக்கத்தில் கொண்டுபோவதற்குள் அவளே முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தாள். அப்படி இன்னும் சில வாய். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டாள். கிண்ணத்தில் நிறைய மிச்சம் இருந்தது. எனக்கு மனசு வரவில்லை. இன்னும் ஒரு கரண்டி எடுத்தேன்.

அப்பா கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

"போதும்னு சொல்லுதால்லா. விடு மக்கா. நாளைக்குத் திம்பா."

மிச்சக் கூழை அவர் நின்றபடியே குடித்தார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். நான் குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போல் கண்ணை மூடிக் குடிக்கத் தொடங்கினாள். கீழே கடைக் கதவு சத்தத்தோடு மேலே சுருண்டது.

"ஏ பகலவா! பிள்ள சாப்பிட்டாடே!"

"இன்னாத்த மொதலாளி?"

"எங்க வீட்டுக்காரி இடிச்சு வச்சத!"

அந்தக் குரல் தெரு முழுவதும் கேட்டிருக்கும்.